காலை வானொலியில் ஒரு தாயும் ஒரு தந்தையும்

வானொலி நம் இல்லங்களுக்குள் நுழைந்து மூன்று தலைமுறைகள் கடந்துவிட்டன. சென்னையில் 1938-ஆம் ஆண்டிலும், எங்கள் திருச்சிராப்பள்ளியில் 1939-ஆம் ஆண்டிலும் அகில இந்திய வானொலியின் நிலையங்கள் தொடங்கப்பெற்றன. அந்நாளைய வானொலிக் குரல் பெரும்பாலும் தனிக்குரல். எழுதி வைத்ததைப் பிழையறப் படிக்கும் குரல். வீட்டிலுள்ளோர் அதைச் சற்றே நிமிர்ந்து அமர்ந்து, ஆசிரியர் பாடம் நடத்தும்போது கேட்பது போலக் கேட்டனர்.

அந்தத் தனிக்குரலோடு உரையாடலும் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. 1960-களில் தொடங்கிய ‘வீடும் வயலும்’ நிகழ்ச்சியை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உழவுச் செய்திகளைச் சொற்பொழிவாகச் சொல்லாமல், திண்ணையில் அமர்ந்து இருவர் பேசிக்கொள்வது போலச் சொன்னார்கள். அதன் பயனைத் தஞ்சை மாவட்டம் கண்டது. ஆடுதுறை 27 என்னும் புதிய நெல்லை வானொலி அவ்வளவு தூரம் பரப்பியதால், உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒருவர் கேட்க மற்றவர் சொல்லும் பேச்சில் செய்தி எளிதாக மனத்தில் இறங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பின்னர் பண்பலை வந்தது. இந்தியாவில் முதன்முதலாக அது ஒலித்தது சென்னையில், 1977-ஆம் ஆண்டில். தனியார் பண்பலை நிலையங்கள் 2001-இல் பெங்களூரிலும், 2003-இல் சென்னையிலும் தோன்றிப் பிற நகரங்களுக்கும் பரவின. இந்நிலையங்கள் சொந்தமாகச் செய்தியறிக்கை தயாரித்து ஒலிபரப்ப அரசு இசைவு தரவில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவே. செய்தியும் அரசியலும் விலகிய இடத்தில் மிஞ்சுவன பாட்டும் பேச்சும்தாமே? எனவேதான் நாள்தோறும் காலையில் இரண்டு பேர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து தம் வீட்டுக் கதைகளைப் பேசுகிறார்கள். பால் பொங்கி வழிந்தது, பேருந்தைத் தவறவிட்டது, மாமியார் ஊரிலிருந்து வந்தது, குழந்தை இரவெல்லாம் விழித்திருந்தது என்று அப்பேச்சு நீள்கிறது.

“இது என்ன வெட்டிப் பேச்சு! இவர்கள் வீட்டுக் கதை நமக்கு எதற்கு?” என்று பெரியவர்கள் பலர் சலித்துக்கொள்கிறார்கள். என் கணவரும் அக்கட்சியைச் சேர்ந்தவரே. ஆயினும் இந்தப் பேச்சில் ஒரு பகுதியேனும் வெட்டிப் பேச்சு அன்று என்பதை எங்கள் வீட்டில் நடந்ததைக் கொண்டு கூற விரும்புகிறேன்.

சென்னையில் வங்கியில் பணிபுரியும் எங்கள் மகள், வழக்கப்படி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். எங்கள் அடுக்களையில் காலை ஏழு மணிக்கு ஒலிக்கும் நிகழ்ச்சியை நடத்துவோர் இருவர். ஓர் அம்மையார், அவரை ‘அக்கா’ என்று அழைக்கும் ஓர் இளைஞர். அம்மையார் மகப்பேறு விடுப்பு முடிந்து ஏழு மாதக் குழந்தையை வீட்டில் விட்டு வேலைக்குத் திரும்பியவர். இளைஞரோ நான்கு மாதப் பெண் குழந்தைக்குத் தந்தை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இருவரும் தம் பிள்ளைகளைப் பற்றிக் கேலியும் கிண்டலுமாகப் பேசிக்கொள்வார்கள்.

“அக்கா, எங்க வீட்டில் இரவு இரண்டு மணிக்குத்தான் பொழுது விடியுது” என்பார் இளைஞர்.

“கொடுத்து வைத்தவர் தம்பி நீங்க. எங்க வீட்டில் பொழுது சாய்வதே கிடையாது” என்பார் அம்மையார்.

மற்றொரு நாள், தூளி கட்டத் தெரியுமா என்று அம்மையார் கேட்டார். “தெரியும் அக்கா, நானே கட்டினேன். எங்க மாமியார் வந்து பார்த்தாங்க. ‘மாப்பிள்ளை, குழந்தையைப் போடுறதுக்கு முன்னாலே ஒரு தேங்காயைப் போட்டு ஆட்டிப் பாருங்க’ன்னு சொன்னாங்க. தேங்காய் நல்லாத் தூங்கிச்சு!” என்றார் அவர். அடுக்களையில் நின்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். நாளிதழிலிருந்து தலையைத் தூக்காமல் என் கணவரும் சிரித்தார்.

இச்சிரிப்பின் ஊடே பயனுள்ள செய்திகளும் வந்து விழும். குழந்தைக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்கு வருவோர் ஆளுக்கொரு மருந்து சொல்வதைப் பற்றி ஒரு நாள் பேச்சு. “எல்லாவற்றையும் எழுதி வைத்தால் நாட்டு மருந்துக் கடையே வைக்கலாம் அக்கா. டாக்டரம்மா ஒரே வார்த்தையில் முடிச்சுட்டாங்க. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்று” என்றார் இளைஞர். உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையும் அதுவே. சுவரொட்டியில் படித்தால் மறந்துபோகும் செய்தி, ஒரு தந்தையின் வாயிலிருந்து வேடிக்கையாக வந்தபோது எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் மனத்திலும் பதிந்துவிட்டது. தன் பேத்திக்குக் கொடுத்துவந்த சர்க்கரைத் தண்ணீரை அன்றோடு நிறுத்தினாள்.

இனி என் மகளின் கதைக்கு வருகிறேன். அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். பத்தியச் சோறு, பூண்டுக் குழம்பு, வெந்நீர்க் குளியல் என்று செய்ய வேண்டியவற்றையெல்லாம் வீட்டில் செய்தோம். அவளும் எல்லாருடைய கேள்விக்கும் புன்னகையோடு விடை சொன்னாள். ஆனால் வரவரப் பேச்சுக் குறைந்தது. சாப்பாட்டில் நாட்டம் குறைந்தது. “இரவில் தூக்கம் இல்லை, அதனால்தான்” என்று வந்தவர்கள் சொன்னார்கள். பச்சிளங் குழந்தையின் வயிறு மிகச் சிறியது. தாய்ப்பால் விரைவில் செரித்துவிடும். ஆகவே ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கேட்கும். இரவு, பகல் என்னும் வேறுபாடு அதன் உடலுக்குப் புலப்படவே இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும். ஆதலால் தாய்க்குத் தூக்கம் கெடுவது இயல்புதான். அவர்கள் சொன்னது நியாயமாகவே பட்டது.

குழந்தை பிறந்த இருபத்து நான்காம் நாள் காலை. வானொலியில் அம்மையார் வழக்கம்போலக் கேலியாகத்தான் தொடங்கினார். தன் மகன் பிறந்த புதிதில் ஒரு நாள் இரவு மூன்று மணிக்கு அழ ஆரம்பித்ததைச் சொன்னார். “பால் கொடுத்தேன், துணி மாற்றினேன், தோளில் போட்டு நடந்தேன். நிறுத்தலை தம்பி. கடைசியில் நானும் சேர்ந்து அழுதேன். எதுக்கு அழறோம்னு அவனுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. அதுக்கப்புறம் தினமும் அழுகை வந்தது.”

இளைஞர் உடனே வேடிக்கை பேசவில்லை. “அப்புறம் என்ன பண்ணினீங்க அக்கா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“எங்க வீட்டுக்காரரை எழுப்பினேன். ‘இவனைப் பிடிங்க. நான் அரை மணி நேரம் அழுதுட்டு வர்றேன்’னு சொன்னேன். அவர் பயந்துபோய் மறுநாளே டாக்டரிடம் அழைச்சுட்டுப் போனார். நல்லவேளை, போனோம்” என்றார் அம்மையார். பிறகு ஒரு பாட்டு ஒலித்தது.

பாட்டு முடிவதற்குள் என் மகள் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். “அம்மா, அவங்களுக்கும் அப்படித்தான் இருந்ததா?” என்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவளை உட்கார வைத்தேன். அவள் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. “இரண்டு வாரத்துக்கு மேலாய் எனக்கு அழுகை வருதும்மா. பிள்ளை மேல் எனக்குப் பாசமே இல்லையோ என்று பயமாய் இருக்கு. இதை எப்படி வெளியே சொல்வது? எல்லாரும் இவ்வளவு சந்தோஷமாய் இருக்கும்போது?”

அன்றே மருத்துவமனைக்குச் சென்றோம். எங்கள் பெண் மருத்துவர் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, எங்களுக்கும் விளக்கம் தந்தார். பிள்ளை பெற்றதும் தாயின் உடலில் சுரப்புநீர்களின் அளவு சட்டென்று வீழ்கிறது. அதனால் முதல் சில நாள்கள் காரணமின்றிக் கண்ணீர் வருவது பலருக்கும் உண்டு. அது இரண்டு வாரத்துக்குள் தானாகவே விலகிவிடும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் துயரம் நீடித்தால், உணவும் உறக்கமும் வெறுத்தால், தன்னைப் பற்றியோ பிள்ளையைப் பற்றியோ தீய எண்ணங்கள் எழுந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அது தாயின் குணக்கேடும் அன்று, பாசக்குறைவும் அன்று. காய்ச்சலைப் போல அதற்கும் மருத்துவம் உண்டு. வளரும் நாடுகளில் பிள்ளை பெற்ற பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இத்தகைய மனநோய்க்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஐவரில் ஒருவர் என்றால் நம் தெருவிலேயே எத்தனை வீடுகள் என்று எண்ணிப் பாருங்கள்.

மருத்துவர் அவளை மனநல மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார். இரவில் தொடர்ந்து நான்கு மணி நேரமாவது அவள் உறங்க வீட்டார் வழி செய்ய வேண்டும் என்றார். இந்தச் சொல் சென்னையிலிருந்த எங்கள் மருமகனை எட்டியதும், விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். “அத்தை, இரவு முறை என்னுடையது. வானொலித் தம்பியால் முடியுமென்றால் என்னாலும் முடியும்” என்றார். பால் பிழிந்து வைத்தால் ஊட்டுவதும், துணி மாற்றுவதும், தோளில் போட்டு நடப்பதும் அவர் பொறுப்பாயின. தூளியும் கட்டினார். முதலில் தேங்காயைப் போட்டுப் பார்க்கத் தவறவில்லை.

மகள் முழுதாகத் தேற இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. நல்ல நாளும் வந்தது, மோசமான நாளும் வந்தது. ஒரு நாள் மாலை தானாகவே குழந்தையோடு பேசிச் சிரிக்கும் குரல் அறையிலிருந்து கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த நாள்களில் நான் அடிக்கடி நினைத்துக்கொண்டது என் சொந்த முதல் பிரசவத்தை. மூத்த மகன் பிறந்தபோது நானும் தூளியை ஆட்டிக்கொண்டே அழுதிருக்கிறேன். அன்று வானொலியில் எவரும் இதைப் பேசவில்லை. ஆனால் எங்கள் வீட்டு முற்றத்தில் பேசினார்கள். என் அத்தை, பக்கத்து வீட்டுப் பாட்டி, பெரியம்மா என்று நான்கைந்து பேர் வெற்றிலைச் செல்லத்தை நடுவில் வைத்துக்கொண்டு தத்தம் பிரசவக் கதைகளைச் சொல்லிச் சிரிப்பார்கள். “இவனைப் பெற்ற பிறகு ஒரு மாதம் எனக்கு மூஞ்சியே பிடிக்கலை, அவன் மூஞ்சியும் பிடிக்கலை, இவன் அப்பன் மூஞ்சியும் பிடிக்கலை” என்று அத்தை சொன்னதைக் கேட்டு அழுகையின் நடுவே நான் சிரித்தேன். எனக்கு மட்டுந்தான் இப்படி என்னும் அச்சம் அன்றைக்குப் பாதியாகக் குறைந்தது.

இன்று அந்த முற்றம் பல வீடுகளில் இல்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி 1.8. தம்பி தங்கையரைத் தூக்கி வளர்த்த பழக்கம் இன்றைய பெண்களுக்கு அரிது. பிள்ளைகளுக்கோ அதனினும் அரிது. பச்சைக் குழந்தையை முதன்முதலாகக் கையில் ஏந்துவதே தன் குழந்தையைத்தான் என்னும் நிலை பலருக்கு. அடுக்குமாடி வீட்டில், கதவு சாத்திய அறையில், கைப்பேசியில் பிறர் காட்டும் அழகழகான குழந்தைப் படங்களைப் பார்த்துத் தன்னைத் தாழ்வாக எண்ணும் இளந்தாய்க்கு, காலை வானொலியின் இந்த இரு குரல்கள் முற்றத்துப் பெண்களின் வேலையைச் செய்கின்றன. வெட்டிப் பேச்சென்று நான் இதைத் தள்ளாமல் இருப்பதன் காரணம் இதுவே.

ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டுக் கதையை ஊருக்குச் சொல்வதில் எல்லை எது? இவ்வகை நிகழ்ச்சி நம் நாட்டில் தோன்றியதன்று. அமெரிக்காவின் நியூயார்க் நகரில், பத்திரிகையாளர் டாரதி கில்காலனும் அவர் கணவரான நடிகர் ரிச்சர்ட் கோல்மரும் 1945 முதல் 1963 வரை தம் இல்லத்தில் காலை உணவு மேசையில் அமர்ந்தபடியே வானொலியில் உரையாடி வந்தார்கள். அவர்களுடைய குழந்தைகளின் குரலும் அந்நிகழ்ச்சியில் ஒலித்தது. கேட்போருக்கு அது இனிமையாக இருந்திருக்கும். ஆனால் தன் மழலை ஊரெங்கும் ஒலிக்க வேண்டுமா என்று அக்குழந்தையிடம் கேட்க முடியாதே! நாளை வளர்ந்து பள்ளிக்குச் செல்லும்போது, தன் ஈரத்துணிக் கதை ஊருக்கே தெரியும் என்று அறிந்தால் அதன் மனம் என்ன பாடுபடும்?

எங்கள் காலை நிகழ்ச்சி நடத்துவோர் இருவரிடமும் நான் மதித்தது இந்த நிதானத்தை. தம் குழந்தைகளின் பெயரை அவர்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. குழந்தையைக் கேலிப் பொருளாக்கியதில்லை. தங்கள் தடுமாற்றத்தைத்தான் கேலி செய்தார்கள். இளைஞர் தம் மனைவியின் சமையலையோ உடல் பருமனையோ பற்றி நகைச்சுவை என்ற பெயரில் ஏளனம் செய்ததில்லை. தன்னைப் பார்த்துச் சிரிப்பவன் கேட்போரின் பாரத்தைக் குறைக்கிறான். எதிர்த்துப் பேச முடியாதவரைப் பார்த்துச் சிரிப்பவனோ ஒருவர் தலையில் பாரத்தை ஏற்றுகிறான். இந்த வேறுபாடு வானொலிக்கு மட்டுமன்று, நம் வீட்டுக் கூடத்துக்கும் பொருந்தும்.

வானொலி செய்யக்கூடியது ஒன்று; செய்ய முடியாதது ஒன்று. பேச்சைத் தொடங்கி வைக்க அதனால் முடியும். நள்ளிரவில் எழுந்து குழந்தையை வாங்கிக்கொள்ள அதனால் முடியாது. அதற்கு வீட்டில் ஆள் வேண்டும். சட்டமும் ஓரளவே துணை நிற்கிறது. 2017-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. மத்திய அரசுப் பணியிலுள்ள தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் நிறுவனங்களில் தந்தையின் விடுப்பு நிறுவனத்தாரின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது. ஆகவே எஞ்சிய பொறுப்பு கணவன், பாட்டி, தாத்தா, அண்டை வீட்டார் ஆகிய நம்மீதே விழுகிறது.

அன்பார்ந்த குடும்பத்தினரே, குழந்தை பிறந்த வீட்டுக்கு நாம் போகிறோம். சட்டையும் கொலுசும் வாங்கிப் போகிறோம். “பிள்ளை பால் குடிக்கிறதா? தூங்குகிறதா? யார் சாயல்?” என்றெல்லாம் கேட்கிறோம். அடுத்த முறை போகும்போது தாயின் அருகில் சற்று நேரம் உட்கார்ந்து, “நீ சாப்பிட்டாயா? நீ தூங்கினாயா? மனம் எப்படி இருக்கிறது?” என்று கேளுங்கள். அவள் விடை சொல்லத் தயங்கினால் உங்கள் சொந்தக் கதையில் ஒன்றைச் சொல்லுங்கள். வேடிக்கையாகச் சொன்னாலும் உண்மையாகச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அவள் கண் கலங்கியே இருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தாமதிக்காதீர்கள். மருத்துவர் அருகில் இல்லையேல், 2022-ஆம் ஆண்டில் அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

இளந்தந்தையரே, உங்களுக்கும் ஒரு சொல். தூளி கட்டக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் முறை தேங்காயைப் போட்டுப் பார்ப்பதில் குறைவொன்றுமில்லை.